மகிமை மாதா ஆலயம், பழவேற்காடு

இந்தப் பங்கின் தொடக்கம் 1515 என்கிறது திருச்சபை மரபு. சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்த போர்த்துக்கீசியர், ஏரி கடலோடு கலக்கும் இந்த ஊரில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினர். 1610இல் டச்சுக்காரர் காலூன்றினர். 1613இல் அவர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவர்கள் சீர்திருத்தச் சபையினர். மாதா வணக்கம் அவர்களுக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கத்தோலிக்கம் இங்கே அற்றுப்போகவில்லை. இவ்வூரின் வரலாற்றில் நம்மை மிகவும் நெகிழவைப்பது இதுவே.

1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டியிருக்கிறது. டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை காக்கிறது. இந்தப் பங்கைக் காத்தவர்கள் கல்லில் பெயர் பொறிக்கப்படாத எளிய மக்கள்.

செபவேளை என்றால், காலணியை வாசலில் விட்டு அமைதியாக உள்ளே வாருங்கள்.