அது டாட்டா இல்லே, ஸார்!

என் மகள் எனக்கு முதன்முதலாக டாட்டா காட்டியபோது அவளுக்கு வயது 3 நாள். எடை 1,100 கிராம். 10 வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டவள். மனைவி மாடி வார்டில், பிரஷர் இன்னும் அடங்காமல்.

நான் இன்குபேட்டர் பக்கத்தில் நின்று, கண்ணாடிமேல் 'டொக் டொக்' என்று தட்டி, "பாப்பா... அப்பா வந்திருக்கேன்!" என்றேன். சட்டென்று கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தாள்.

"சிஸ்டர், டாட்டா காட்டறா!"

நர்ஸம்மா ஓடி வந்தார். "அது டாட்டா இல்லே, ஸார். 'போதும், நிறுத்து'ங்குது. தட்டாதீங்க. நமக்குத்தான் டொக் டொக். உள்ளே அதுக்குத் தவில் அடிச்ச மாதிரி."

மானேஜர் திட்டியபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

அன்று சாயங்காலம் அவரே பாடம் எடுத்தார். குறைமாதக் குழந்தைக்கு ஓங்கி அழத் தெம்பு கிடையாது. உடம்பால்தான் பேசும். விரலை விரித்தால், விக்கினால், தும்மினால், நிறம் மாறினால் 'களைச்சுட்டேன்' என்று அர்த்தம். கையை வாய்க்குக் கொண்டுபோனால், எதையாவது பற்றிக்கொண்டால் 'சமாளிச்சுக்கறேன்' என்று அர்த்தம்.

இந்த பாஷையை உட்கார்ந்து படித்தவர் ஹைடலிஸ் ஆல்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1980-களில். கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையை எழுப்பாதீர்கள், குழந்தையைப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனித் திட்டம். பெயர் 'நிட்காப்'. பிற்கால வளர்ச்சிக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. தூங்குகிற குழந்தையைத் தூங்க விடுவதில் எனக்கு விவாதமே இல்லை.

மறுநாள் பார்த்தால், இன்குபேட்டர்மேல் கனத்த துணி. உள்ளே மங்கல் வெளிச்சம். துணியைச் சுருட்டி அவளைச் சுற்றிக் குருவிக்கூடு. டயபர், டெம்பரேச்சர் எல்லாம் அவள் விழித்திருக்கும்போது ஒரே தடவையில். என் செல்போன் சைலன்ட்டில்.

9-ம் நாள் நர்ஸம்மா, "சட்டை பட்டனைக் கழட்டுங்க" என்றார்.

"எனக்கா ஊசி?"

"கங்காரு, ஸார்! அம்மா காலையிலேர்ந்து வெச்சிருந்தாங்க. இப்ப உங்க டர்ன்."

1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை. டாக்டர் எட்கர் ரே, தாயின் மார்பையே இன்குபேட்டர் ஆக்கினார். இந்தியா உள்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. குழந்தை ஒரு நிலைக்கு வரட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனே மார்போடு அணைத்தால் முதல் 28 நாள் மரணம் கால்வாசி குறைகிறதாம்.

என் நெஞ்சில் படுத்தவள் முதலில் விரலை விரித்தாள். எனக்கு வெலவெலத்துவிட்டது. "சிஸ்டர், போதுங்கறாளா?"

"பேசாம இருங்க, ஸார்."

மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. என் நெஞ்சு ரோமத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். வலித்தது. நகரவில்லையே நான்!

இப்போது அவளுக்கு 2 வயது. ஆபீஸ் கிளம்பும்போது வாசலில் நின்று கை ஆட்டுகிறாள். நிஜ டாட்டாதான். இருந்தாலும் அந்த விரல்களை ஒரு விநாடி பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரைக் கிளப்புகிறேன்.