சேர்க்கைப் பதிவேடு சொல்லும் ஊர் வரலாறு

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் உள்ளது கிளியனூர். "நம் ஊருக்கு வரலாறு உண்டா?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். உடனே சிவன் கோயிலைச் சொன்னார்கள். சரியான விடைதான். திருஞானசம்பந்தர் பாடிய திருக்கிளியன்னவூர் இதுவே. ஆனால் ஒரு மாணவி, "கோயில் கல்வெட்டுல எங்க தாத்தாவோட தாத்தா பேரு இருக்குமா சார்?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கோயில் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தவர், விளக்கு எரிக்கப் பொருள் கொடுத்தவர் பெயர்கள் இருக்கும். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெயர்களைக் காண்பது அரிது.

இங்கிலாந்தின் சிற்றூர்களில் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயப் பங்கும் தன் எல்லைக்குள் நடக்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைக்க ஆணையிட்டார். அதனால் பண்ணையாளுக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டே ரிக்லி, ஸ்கோஃபீல்ட் என்னும் ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் மூன்று நூற்றாண்டு மக்கள்தொகை வரலாற்றை எழுதி 1981-இல் வெளியிட்டனர்.

நம் ஊரில் அதற்கு நெருக்கமான ஏடு எது? நம் பள்ளி பீரோவில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடுதான். மாணவர் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என ஒரு குடும்பத்தின் கதையே ஒரு வரியில் அடங்கியிருக்கும்.

வகுப்பறையில் இதை எப்படிப் பயன்படுத்தலாம்?

1. பெயர், சாதி விவரங்கள் மாணவர் பார்வைக்குப் போகக் கூடாது. ஆசிரியரே எண்ணிக்கைகளை மட்டும் தொகுத்துத் தர வேண்டும்.

2. பத்தாண்டுக்கு ஒரு முறை சேர்ந்த ஆண், பெண் குழந்தைகளின் எண்ணிக்கையை வரைபடமாக்கலாம். காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஆகியவற்றுக்குப் பின் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

3. பெற்றோர் தொழிலை ஒப்பிடலாம். விவசாயக் கூலி குறைந்து கம்பெனி வேலை வந்தது எப்போது?

4. ஏட்டையும் சந்தேகிக்கக் கற்றுத் தரலாம். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்ட குழந்தைக்கு ஆசிரியரே பிறந்த தேதி எழுதிய காலம் அது. ஜூன், ஜூலை மாதப் பிறந்தநாள்கள் ஏன் அதிகம் என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

5. ஏட்டில் இல்லாததைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். பள்ளிக்கே வராதவர்களின் வரலாறு அங்கேதான் கிடைக்கும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், மழைநீர் கசிந்த அறையில் கிடந்த பழைய பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது. சான்று கேட்டு வந்த முதியவரை வெறுங்கையோடு அனுப்பினோம். அவர் அங்கு படித்ததற்கு வேறு ஆதாரமில்லை. அது நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய ஆவணம். தலைமையாசிரியரின் அனுமதியோடு பக்கங்களைப் படமெடுத்துப் பள்ளிக் கணினியில் சேமிப்பதற்கு இரண்டு பிற்பகல்கள் போதும்.

அந்த மாணவிக்கு இப்போது பாதி பதில் சொல்ல முடிகிறது. தாத்தாவின் தாத்தா கிடைக்கவில்லை. அவளுடைய அப்பாயி பெயர் எங்கள் ஏட்டில் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கிறார். ஏன் நின்றார் என்பதை அவரிடமே கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.