மானுக்கும் உண்டு சீசன்!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)

சீசன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஆனி, ஆடிச் சாரல், ஐந்தருவிக் குளியல், வகுப்பைக் கட் அடித்துவிட்டு மெயின் அருவிக்கு ஓடியது (ஆசிரியர்கள் மன்னிக்க!). அதே மலையில் வாழும் மான்களுக்கும் ஒரு சீசன் உண்டு. ஆனால் அது அருவி வற்றுகிற சீசன். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது எங்கள் வயல்தான்.

அச்சன்புதூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கிணற்றுப் பாசனத்தில் உளுந்து போட்டிருந்தோம். மாசி மாதம் ஒருநாள் விடிந்து பார்த்தால் பாதி வயல் மொட்டை! ஈர மண்ணில் பெரிய பெரிய குளம்புத் தடங்கள். மிளா! அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஏல, நீ கரண்டு படிப்புதான படிக்க? மோட்டார் ரூம்ல இருந்து வேலிக்கு ஒரு லைன் இழுத்து விடுல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகுதான் மான் ஏன் வருகிறது என்று தேடிப் படித்தேன்.

பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதை வலசை என்பார்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒருவகை மான்கள் பனிக்காலத்தைத் தாழ்வான பாலைநிலத்தில் கழித்துவிட்டு, வசந்தம் வந்ததும் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து மலைக்குப் போகின்றன. கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை மாட்டி இதைக் கண்டுபிடித்தார்கள். 2014-இல் ஆய்வு வெளியானது. பனி உருக உருகத் துளிர்க்கும் இளம்புல்லைத் தொடர்ந்தே அவை நகர்கின்றன. இளம்புல்லில் புரதம் அதிகம், நார் குறைவு. முற்றிய புல்லோ வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது!

நம்ம ஊர் மான் அவ்வளவு தூரம் போவதில்லை. இங்கே பனியும் இல்லை, அந்த அவசியமும் இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான்: தண்ணீர், இளம்பச்சை. தென்மேற்குப் பருவமழைச் சாரலிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மலையெங்கும் புல்லும் நீரும் இருக்கும். மான்கள் பரவலாக மேயும். தை பிறந்து பனி விலகியதும் புல் காயத் தொடங்கும். மாசி, பங்குனியில் சிற்றோடைகள் வற்றும். அப்போது நீர் இருக்கும் இடங்களை ஒட்டியே அவை கூடுகின்றன. புள்ளிமான் கூட்டமாகப் புல்மேயும் ஜாதி. தண்ணீரை விட்டு அதிக தூரம் விலகாது. மிளா (வடக்கே கடமான் என்பார்கள்) புல்லோடு இலைதழையும் தின்னும். பெரும்பாலும் இரவில் நடமாடும். நல்ல கிடா 200 கிலோவைத் தாண்டும். காடு காய்ந்து கிடக்கையில் ஓடைவழியே இறங்கி வரும் மிளாவின் கண்ணில் முதலில் படும் பச்சை எது? எங்கள் உளுந்து!

போக வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கங்கைகொண்டான் சாட்சி. மலையை விட்டுத் தள்ளி, சமவெளியில் புள்ளிமான்கள் வாழும் இடம் அது. 2013-இல் 288.40 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பக்கத்திலேயே நாற்கரச் சாலையும் தொழிற்பேட்டையும். கோடையில் தண்ணீர் தேடி வெளியே வரும் மான் வாகனத்தில் அடிபடுகிறது, அல்லது நாய்களிடம் சிக்குகிறது.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். வீட்டு லைன் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கம்பியைத் தொட்டால் மின்சாரம் விடாமல் பாயும். தசை இறுகும், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். மானா, பக்கத்து வயல்காரரா, தண்ணீர் பாய்ச்ச இருட்டில் போகும் நம் அப்பாவா என்று கம்பி பார்க்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படியொரு கள்ளவேலியில் 3 யானைகள் செத்தன.

சோலார் வேலி வேறு. அதில் எனர்ஜைசர் என்ற கருவி பல ஆயிரம் வோல்ட் கொடுக்கும். ஆனால் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் மில்லி வினாடிக்கும் குறைந்த நேரம். ஆக, வோல்டேஜ் பெரிதாக இருந்தும் ஆற்றல் சில ஜூல்தான். சுருக்கென்று அடிக்கும், அடுத்த துடிப்புக்குள் விலகிவிடலாம். கொடி படர்ந்தால் மின்சாரம் தரைக்குக் கசியும். களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023-இல் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகளும் கொண்டுவந்தது.

அப்பாவிடம் சொன்னேன்: “லைன் இழுக்க மாட்டேம்ப்பா. ஆளு செத்தா நாமதான் ஜெயிலுக்குப் போணும்.” இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பக்கத்து வயல்காரர்களோடு பங்கு போட்டு சோலார் வேலி போட்டோம். ஓடைக்கரையை மட்டும் அடைக்கவில்லை; நம்ம பங்குக்கு முன்னமே அது மிளாவின் பாதை. இந்த வருஷமும் ஓரத்தில் கொஞ்சம் உளுந்து போயிற்று. அப்பா முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனால் இருட்டில் மோட்டார் போடப் போகும்போது பயமில்லாமல் போகிறார்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் சிவில்காரர் ரோடு போடுவார், எலெக்ட்ரிக்கல்காரர் லைன் இழுப்பார். ரோட்டுக்கு அடியில் ஓடைக்கு ஒரு பெரிய பாலம் விட்டால் அந்தப் பக்கம் மானும் போகும். வேலியில் லைன் கேட்டு யாராவது வந்தால், “முடியாது” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதையும் டிப்ளமோவில் சேர்த்துக்கொள்வோம்!