இலையில்லாச் செடி உண்பது எங்ஙனம்?



"பச்சை இலையே செடியின் சமையற்கூடம்" என்று அறிவியல் வகுப்பில் நாம் பன்முறை கூறியிருக்கிறோம். கதிரவன் ஒளியின் துணையால், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு இலையிலுள்ள பச்சையம் உணவு சமைக்கிறது. இஃது உண்மையே. எனினும், இவ்விதிக்கு அடங்காத செடி ஒன்று நம் தோட்டத்து எல்லையிலேயே வாழ்கிறது. அதனைப் பற்றி நாம் ஒருமுறை தவறாகக் கற்பித்துவிட்டோம். அத்தவற்றைத் திருத்துவதற்கே இக்கட்டுரையை வரைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நம்மிடம் ஓடி வந்தாள். தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையேயுள்ள மூங்கிற் புதரடியில் விந்தையான மலரொன்றைக் கண்டதாகக் கூறினாள். சென்று பார்த்தோம். ஒரு சாண் உயரமும் இல்லாத பழுப்புநிறத் தண்டு, நுனியில் வெளிறிய சிறு மலர், இலையோ ஒன்றுமில்லை.

"ஐயா, இலை இல்லாமல் இச்செடி எப்படி உண்ணும்?" என்று அவள் வினவினாள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற பாடத்தை நினைவிற்கொண்டு, "இது மட்குண்ணி. மட்கிய இலைகளிலிருந்து தானே சத்தை உறிஞ்சி வாழும்" என்று விடையளித்தோம். மாணவர்கள் அதனைக் கிழங்கோடு தோண்டியெடுத்து, இலையுரம் நிரப்பிய பூச்சட்டியில் நட்டுப் பள்ளி வாசலில் வைத்தனர். நாமும் அதற்கு இசைந்தோம். அம்மாணவி நாள்தோறும் நீர் வார்த்தாள். பதினைந்து நாள்களுக்குள் தண்டு கருகிற்று; கிழங்கும் அழுகிற்று. உரத்தில் குறையில்லை, நீரிலும் குறையில்லை. பின், குறை எங்கே?

விடை தேடி நூல்களைப் புரட்டினோம். அச்செடி டிடிமோபிளெக்சிஸ் பல்லென்ஸ் என்னும் ஆர்க்கிட் வகை என அறிந்தோம். "பல்லென்ஸ்" என்றால் வெளிறியது என்று பொருள்.

மண்ணுக்குள் ஓர் அடுக்களை

மழைக்காலத்தில் பட்ட மரத்தில் முளைக்கும் காளானை நீங்கள் அறிவீர்கள். அது பூஞ்சணத்தின் ஒரு பகுதி மட்டுமே. அதன் உடல் நூலினும் மெல்லிய இழைகளாக மண்ணிலும் மரத்திலும் பரவிக் கிடக்கும். பால்மரங்களை மாய்க்கும் வெள்ளை வேர் நோயை உங்கள் பாட்டன்மார் நன்கறிவர். வேரைப் பற்றும் அவ்வெள்ளை இழைகளும் ஒருவகைப் பூஞ்சணமே.

இலையில்லா ஆர்க்கிட்டின் வேரினுள்ளோ கிழங்கினுள்ளோ பூஞ்சண இழைகள் நுழைந்து, உயிரணுக்களுக்குள் நூற்பந்து போலச் சுருண்டுகொள்கின்றன. செடி அச்சுருள்களைச் செரித்துத் தனக்கு வேண்டிய சத்தைப் பெறுகிறது. மட்கிய இலையைச் செரிக்கும் ஆற்றல் செடிக்கு இல்லை. அவ்வேலையைச் செய்வது பூஞ்சணம். நாம் பூச்சட்டியில் அரிசியை நிரப்பி வைத்தோம். சமைப்பவரையோ மூங்கிலடியிலேயே விட்டுவிட்டோம்!

அறிஞர் கண்ட உண்மை

1899ஆம் ஆண்டில் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர், ஃபோன்டேன்புளோ காட்டில் பறவைக்கூட்டு ஆர்க்கிட் என்னும் இலைப்பச்சையற்ற செடியை ஆராய்ந்தார். சருகுக்கடியில் புதைந்து கிடந்த அதன் பழைய தண்டில் விதைகள் முளைத்திருந்தன. முளைத்த ஒவ்வொன்றினுள்ளும் பூஞ்சணம் இருக்கக் கண்டார். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. அவரை விதையில் இருப்பது போன்ற சேமிப்பு உணவு அதில் இல்லை. ஆதலால் பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் காட்டில் அது முளைத்து வளரும். பச்சை இலையுடைய ஆர்க்கிட்டுகளும் இளம்பருவத்தில் இவ்வாறே உண்கின்றன. வளர்ந்தபின் தாமே சமைக்கின்றன. இலையில்லாதவையோ வாழ்நாள் முழுதும் பூஞ்சணத்தையே நம்பியுள்ளன.

பூஞ்சணத்துக்கு உணவு எங்கிருந்து வருகிறது? சில, பட்ட மரத்தையும் சருகையும் சிதைத்து உண்கின்றன. சீன மருந்துக் கடைகளில் தியன்மா என்னும் உலர்ந்த கிழங்கைக் காணலாம். அதுவும் இலையில்லா ஆர்க்கிட்டே. சீன நாட்டு உழவர்கள் பூஞ்சணம் பற்றிய மரத்துண்டுகளைக் கிழங்கோடு சேர்த்துப் புதைத்தே அதனைப் பயிரிடுகின்றனர்.

வேறு சில பூஞ்சணங்கள் உயிருள்ள மரவேர்களோடு கூடி வாழ்ந்து, நீரும் தாதுச் சத்தும் கொடுத்துச் சர்க்கரை பெறுகின்றன. நம் நாட்டு மெராந்தி மரங்களுக்கும் இத்தகைய துணைவர் உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், பிர்ச், வில்லோ ஆகிய மரக்கன்றுகளுக்கு அடையாளமிட்ட கரியமில வாயுவை ஊட்டினர். அக்கரி பூஞ்சண இழைகளின் வழியே பவளவேர் ஆர்க்கிட்டைச் சென்றடைந்தது. எனவே, மரம் சமைக்கிறது, பூஞ்சணம் சுமக்கிறது, ஆர்க்கிட் உண்கிறது. மரத்தை வெட்டினால் மூன்றும் கெடும்.

நம் நாட்டுக் காடுகளில் இத்தகைய ஆர்க்கிட்டுகள் பல உள்ளன. மலாக்காவின் பெயரைத் தாங்கிய லெகனார்க்கிஸ் மலாக்கென்சிஸ் அவற்றுள் ஒன்று. அதற்கு அப்பெயரிட்டவர் ஹென்றி ரிட்லி. 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்து, மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையை வகுத்தவரும் அவரே.

மீண்டும் மூங்கிலடியில்

மறு ஆண்டு அதே மூங்கிலடியில் மூன்று தண்டுகள் எழுந்தன. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட அம்மாணவிக்குச் சொல்லியனுப்பினோம், வந்தாள். "அன்று நாம் சொன்ன விடை தவறு, அம்மா. சரியான விடை இதுதான்" என்று மேற்கூறியவற்றை எடுத்துரைத்தோம். இம்முறை எவரும் தோண்டவில்லை. மலர் ஒரு காலைப்பொழுதில் விரிந்து வாடிற்று. அதன்பின் காய்க்காம்பு நீண்டு வளர்ந்து, காயைச் சருகுக்கு மேலே உயர்த்திற்று. தூசியன்ன விதைகளைக் காற்றில் தூவுவதற்கான வழி அது. மாணவர்கள் ஒவ்வொரு நாளும் அளவுகோலால் அளந்து ஏட்டில் குறித்தனர்.

மாணவச் செல்வங்களே! காட்டில் அரிய செடியைக் கண்டால் பாருங்கள், வரையுங்கள், அளந்து எழுதுங்கள், பெயர்த்தெடுக்காதீர்கள். மண்ணுக்கடியில் அதனைத் தாங்கும் உறவுகள் நம் கைக்கு அகப்படா. ஆசிரியர் சொன்ன விடையில் ஐயம் எழுந்தால் அஞ்சாமல் கேளுங்கள். கேட்கும் மாணவரால் ஆசிரியரும் கற்கிறார் என்பதற்கு நாமே சான்று.