மஞ்சள் லைட் எரியுதா? லாரி டிரைவர்களே உஷார்!

திருவொற்றியூர்:

சடையங்குப்பம், மணலி, எண்ணூர் ரோடுகளில் துறைமுகத்துக்கு ஓடும் பி.எஸ்-6 கன்டெய்னர் லாரிகளில் திடீர்னு டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும். அப்புறம் வண்டி இழுக்காது. 'இன்ஜின் போச்சு' என்று டிரைவர்கள் பதறுவது உண்டு. பல நேரம் இன்ஜினில் கோளாறே இருக்காது. புகையை கண்காணிக்கும் கம்ப்யூட்டர் செய்யும் வேலை அது.

இதற்கு பெயர் ஓ.பி.டி. பி.எஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1-ல் கட்டாயமானது. சைலன்சர் பக்கம் உள்ள சென்சார்கள் புகையை கவனித்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் லைட் எரியும், ஒரு எரர் நம்பரும் பதிவாகும். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டி படிப்பது இதைத்தான். நம்பரை அழித்தால் லைட் அணையும். கோளாறு போகாது.

டி.பி.எப். என்பது கரியை பிடிக்கும் வடிகட்டி. வண்டி வேகமாக ஓடினால் சூடேறி கரி தானாக எரிந்துவிடும். துறைமுக கேட் வரிசையில் மணிக்கணக்கில் ஊர்ந்தால் எங்கே சூடேறும்? அடைத்துக்கொள்ளும். 'ரீஜென்' பட்டன் உள்ள வண்டியை ஓரமாக நிறுத்தி அதை அழுத்தலாம். உள்ளே 600 டிகிரி வரை சூடு ஏறும். காய்ந்த புல், டேங்கர் லாரி பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது 'யூரியா தண்ணி', அதாவது ஆட்புளூ. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப்புகையை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. இது தீர்ந்தாலோ, காசு மிச்சம் பிடிக்க குழாய் தண்ணீர் கலந்தாலோ கம்ப்யூட்டர் இன்ஜின் சக்தியை குறைத்துவிடும். பாதி வழியில் நின்றால் போவது டிரைவரின் அன்றைய டிரிப் காசு.

புகை சான்றிதழ் வேறு, இது வேறு. அது இல்லாவிட்டால் சட்டப்படி ரூ.10 ஆயிரம் வரை அபராதம்.