குழாயின் நீளமும் யந்திரத்தின் வேகமும்

ஓசூர் வட்டாரத்தில் வாரமெல்லாம் தொழிற்சாலை யந்திரங்களோடு பழகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு வாசலிலேயே காரின் பானெட்டைத் திறந்து, கம்பெனி பொருத்தி அனுப்பிய இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியைக் கழற்றி, குட்டையும் பருமனுமான வேறொன்றை மாட்டிவிட்டால் வண்டி பறக்கும் என்று நம்புகிற இளைஞர்களுக்கு, அந்தக் குழாய்கள் வெறும் காற்று வழியல்ல என்று சொல்லி வைப்பது அவசியம்.

வால்வு திறந்து பிஸ்டன் கீழிறங்கும்போது, அழுத்தம் குறைந்த அலை ஒன்று புறப்பட்டு, வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் என்னும் ஒலியின் வேகத்தில் குழாய் வழியே எதிர்த்து ஓடி, மறுமுனையின் திறந்த வாயைத் தொட்டதும் அழுத்தம் மிகுந்த அலையாக மாறித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்பு அது வந்து சேருமானால், சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணித்துவிடும். 40 சென்டிமீட்டர் குழாயில் அது போய்வர 2.3 மில்லிவினாடி பிடிக்கும். பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க நிமிடத்துக்கு 6000 சுற்றில் 5 மில்லிவினாடியும், 2000 சுற்றில் 15 மில்லிவினாடியும் ஆகின்றன. ஆகவே மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு நீண்ட குழாயும், விரைந்து சுழல்வதற்குக் குட்டைக் குழாயும் பொருந்தும். 1960-இல் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனி தனது 300எஃப் காரில் 30 அங்குலக் குழாய்களை எஞ்சின்மீது குறுக்காகப் பரப்பி, நடுத்தர வேகத்தில் இழுவையைப் பெருக்கிற்று. அதிவேகப் பிரியர்களுக்கோ, வெளித்தோற்றம் மாறாமல் உட்சுவரை மட்டும் நீக்கி, பயனுள்ள நீளத்தை 15 அங்குலமாகக் குறைத்த வகையும் இருந்தது.

ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டோரச் சாலையில், யானைக் கூட்டம் குறுக்கிடக்கூடிய குளிர்காலத்தில், 6000 சுற்றுக்கு எவர் போகப் போகிறார்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரமாதலால் இங்கே காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. அந்த நஷ்டத்தைக் குட்டைக் குழாய் ஈடு செய்யாது. கம்பெனிக் குழாயே இவ்வூருக்கு உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

மாற்றியே தீருவேன் என்பவர் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை நீக்கிய பிறகே கைவைக்க வேண்டும். திறந்த துவாரங்களில் சுத்தமான துணியை அடைக்காவிட்டால், உள்ளே விழும் ஒரு சிறு நட்டே எஞ்சினுக்கு எமனாகும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியப் பரப்பில் கீறல் விழலாகாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சினால், இரண்டு மூன்று தவணைகளில் இறுக்க வேண்டும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் உள்ளழுத்தம் வெளிக்காற்றினுடையதில் மூன்றிலொரு பங்கே ஆதலால், மயிரிழை இடுக்கு இருந்தாலும் அளவுக்குள் அடங்காத காற்று புகுந்து பெட்ரோலின் விகிதத்தைக் கெடுத்துவிடும். ஸ்டார்ட் செய்தபின் சுற்றுமானியின் முள் ஏறியும் இறங்கியும் அலைக்கழிந்தால், கம்ப்யூட்டரைக் குறை கூறுமுன் கேஸ்கட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.