துப்பாக்கி சுடுதலில் உளப்பயிற்சி: அபினவ் பிந்த்ராவை முன்வைத்து

விளையாட்டு வீரர்களின் வெற்றியை நம் இதழ்கள் பெரும்பாலும் 'மனவுறுதி' என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடுகின்றன. அச்சொல் அதனைப் பிறவிக் குணம்போலத் தோற்றுவிக்கிறது. விளையாட்டு உளவியலோ அதனை நாள்தோறும் பழகிப் பெறத்தக்க திறன்களின் தொகுதியாகக் கருதுகிறது. ஏர் ரைபிள் எனப்படும் 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இப்போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் விட்டமே உடையது. நாடித்துடிப்பே துப்பாக்கியின் முனையை அசைக்கப் போதுமானது. ஓட்டப்பந்தய வீரருக்குப் பதற்றம் ஓரளவு ஊக்கமாகவும் அமையலாம். துப்பாக்கி வீரருக்கு அவ்வாய்ப்பு அரிது. இதயம் விரைந்தால் முனை அசையும். அசைவைக் கண்டு பதற்றம் மேலும் பெருகும். பல்லாயிரம் முறை பழகித் தன்னியல்பாகிவிட்ட விரலசைவை அந்நேரத்தில் வீரர் தாமே கண்காணிக்கத் தொடங்கினால், அதன் இயல்பான ஒழுங்கு குலைகிறது. தேர்ந்தவரும் நெருக்கடியில் தடுமாறுவதற்கு உளவியலார் கூறும் முதன்மையான விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

எனவேதான் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னரும் மாறாத வரிசைமுறை ஒன்று பயிற்றுவிக்கப்படுகிறது: கால்நிலை, மூச்சு, குறி, விசை. கவனத்தைப் புள்ளிக்கணக்கிலிருந்து விலக்கி அடுத்த சிறு செயலில் நிறுத்துவதே இதன் நோக்கம். மனக்காட்சிப் பயிற்சியும் இத்தகையதே. பதக்க மேடையில் நிற்பதாகக் கற்பனை செய்வதே அப்பயிற்சி என்பது பரவலான தவறான புரிதல். துப்பாக்கியின் எடை, கன்னம் பொருந்தும் இடம், அரங்கின் ஓசை ஆகியவற்றோடு செயலையே மனத்துள் நிகழ்த்திப் பார்ப்பதுதான் பயன் தருவது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றாமிடத்தில் இறுதிச்சுற்றுக்குத் தகுதிபெற்ற பிந்த்ரா ஏழாமிடத்தில் முடித்தார். பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு முன் ஜெர்மனியில் அவர் உயரமான கம்பம் ஒன்றில் ஏறிப் பழகினார். துப்பாக்கிக்கும் கம்பத்திற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். அச்சம் உடலில் இருக்கும்போதே செய்யவேண்டியதைச் செய்து முடிப்பதே இரண்டிற்கும் பொது.

2008 ஆகஸ்ட் 11 அன்று இறுதிச்சுற்றின் கடைசிச் சுடுதலுக்கு முன் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தனர். ஹாக்கினன் 9.7 புள்ளிகள் பெற்றார், பிந்த்ரா 10.8. மொத்தம் 700.5 புள்ளிகளுடன் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அவருடையதாயிற்று.

ஆயினும் உளப்பயிற்சி வெற்றிக்கு உறுதி அளிப்பதன்று. 2016 ரியோ ஒலிம்பிக்கில், சமநிலையை முறிக்கும் ஒற்றைச் சுடுதலில் உக்ரைனின் செர்ஹி குலிஷிடம் தோற்று, அதே பிந்த்ரா நான்காமிடத்தோடு நின்றார்.